புகார் பதிவான அன்றே தொடங்கும் தண்டனை

கேள்வி: பாகிஸ்தானின் மத நிந்தனைச் சட்டத்தில் எந்தச் சிறுபான்மையினரின் பெயரும் இல்லை, முஸ்லிம்கள் மீதும் வழக்கு பாய்கிறது என்கிறார் என் நண்பர். பிறகு ஏன் அதைச் சிறுபான்மையினரை ஒடுக்கும் சட்டம் என்கிறோம்?
– சட்டக் கல்லூரி மாணவி

பதில்: நண்பர் சொல்வது பாதிதான் சரி. ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் காலத்தில் 1984-ல் பாகிஸ்தான் தண்டனைச் சட்டத்தில் வந்த 298-பி, 298-சி பிரிவுகள் அகமதியரைப் பெயர் சொல்லியே குறிக்கின்றன. தங்களை முஸ்லிம்களாகக் கருதும் இவர்களைப் பாகிஸ்தான் சட்டம் முஸ்லிம்களாக ஏற்பதில்லை. தன்னை முஸ்லிம் என்று சொல்லிக்கொள்ளும் அகமதியருக்கு மூன்று ஆண்டு வரை சிறை.

1986-ல் சேர்த்த 295-சி-யில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. ஆனால் அது எழுதப்பட்ட விதத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் காலத்து 295-ஏ-யின்படி தீய நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். வழக்கு நடத்த அரசின் அனுமதியும் வேண்டும். 295-சி இரண்டையும் கேட்பதில்லை. நபிகளை மறைமுகமாக இழிவுபடுத்தினாலும் குற்றம். ஆயுள் தண்டனைக்கு இருந்த வாய்ப்பையும் 1990-ல் சட்டங்கள் இஸ்லாமிய நெறிக்கு ஒத்தவையா என்று பார்க்கும் கூட்டாட்சி ஷரீஅத் நீதிமன்றம் அடைத்துவிட்டது, மிஞ்சியது மரணம். விசாரிக்கும் செஷன்ஸ் நீதிபதி முஸ்லிமாக இருக்க வேண்டும் என்றும் விதி.

ஆசியா பீபி வழக்கைப் படித்தால் மற்றது விளங்கும். 2009 ஜூன் 14-ல் வயலில் கிறிஸ்தவரான அவர் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தொட்டதில் உடன் வேலை செய்த முஸ்லிம் பெண்களோடு சச்சரவு. அப்போது நபிகளை இழிவாகப் பேசினார் என்பது புகார். எஃப்.ஐ.ஆர் பதிவானது ஐந்து நாள் கழித்து. புகார் கொடுத்த மதகுரு அந்தப் பேச்சைத் தன் காதால் கேட்டவரே அல்ல. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்பட்ட ஊர்க்கூட்டத்தில் நூறு பேர் என்றார் ஒரு சாட்சி, இரண்டாயிரத்துக்கும் மேல் என்றார் இன்னொருவர். இவ்வளவு ஓட்டைகள் இருந்தும் விடுதலை கிடைத்தது 2018 அக்டோபர் 31-ல், உச்ச நீதிமன்றத்தில். இப்படிப்பட்ட செய்தியை வாசிக்கும்போது முதலில் சம்பவத்துக்கும் எஃப்.ஐ.ஆருக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணுங்கள். பிறகு, புகார்தாரர் நேரில் கேட்டாரா, அதற்கு முன் நிலம், கடன், கூலி என்று ஏதாவது தகராறு இருந்ததா என்று தேடுங்கள். கதை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

295-சி வழக்கை எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும் என்று 2004-ல் திருத்தம் வந்தது. நல்ல விதிதான். ஆனால் கூட்டம் காவல் நிலையத்தைச் சூழ்ந்துகொண்டு கத்தும்போது, அதைக் கலைக்க எஃப்.ஐ.ஆர் போடுவதே போலீசாருக்கு எளிய வழியாகிவிடுகிறது. போட்ட பிறகு ஜாமீன் அரிது. வாதாட வக்கீலும் அஞ்சுவார்: இத்தகைய வழக்கில் வாதாடிய ரஷீத் ரெஹ்மானை 2014-ல் முல்தானில் அவர் அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். இந்தப் பிரிவின்கீழ் அரசு இதுவரை யாரையும் தூக்கிலிட்டதில்லை. கொன்றவையெல்லாம் கூட்டமும் துப்பாக்கியும்தான்.

முஸ்லிம்கள் மீதும் வழக்கு வருவது உண்மை. மாணவர் மஷால் கானை 2017-ல் மர்தானில் ஒரு கூட்டம் அடித்தும் சுட்டும் கொன்றது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் கிறிஸ்தவர் என்றால் பழி முழுக் குடியிருப்பின்மீதும் விழுகிறது. 2023 ஆகஸ்ட் 16-ல் பஞ்சாப் மாகாணத்தின் ஜரன்வாலா நகரில் குற்றச்சாட்டு இரண்டு சகோதரர்கள்மீது. எரிந்தவை இருபதுக்கு மேற்பட்ட தேவாலயங்களும் பல வீடுகளும்.

பொய்ச் சாட்சிக்குத் தண்டனை இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. மரண தண்டனை வாங்கித்தரும் நோக்கில் பொய்ச் சாட்சி சொன்னால், 194-ஆம் பிரிவின்படி ஆயுள் சிறை வரை கிடைக்கும். ஆசியா பீபி விடுதலையை எதிர்த்த மறுசீராய்வு மனுவை 2019 ஜனவரியில் தள்ளுபடி செய்தபோது, வழக்கு இவ்வளவு உணர்ச்சிகரமானதாக இல்லாவிட்டால் சாட்சிகள்மீது நடவடிக்கை எடுத்திருப்போம் என்ற கருத்தைத் தலைமை நீதிபதியே சொன்னார். எடுக்கவில்லை.