லாக்ஸ் போட்ட பிறகு நெற்றியோரம் முடி மெலிகிறது: வெட்ட வேண்டுமா?

லாக்ஸ், அதாவது சுருள் முடியைத் திரிதிரியாக முறுக்கி வளர்க்கும் சடை, போட்ட உங்கள் மனைவிக்கு முடி மெலிகிறது, அதை வெட்டிவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெட்டத் தேவையில்லை. அவர் வாராவாரம் வேரடியில் புதிதாக வளரும் முடியை முறுக்கிக் கட்டுவதை முதலில் நிறுத்தட்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

நெற்றியோரமும் காதுக்கு மேலும் மட்டும் மெலிகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் இழுவையால் வரும் முடி உதிர்வுதான். அந்த ஓரத்து முடி இயல்பிலேயே மெல்லியது. இறுக்கி முறுக்கி, அதற்கு மேல் கொண்டையும் போட்டால் தாங்காது.

முறுக்கிய அன்று இரவு தலை வலிக்கிறதா, வேரடியில் சின்னச் சின்னப் பருக்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். இருந்தால் இறுக்கம்தான் காரணம். இப்போதே தளர விட்டால் சில மாதங்களில் முடி திரும்பி வர நல்ல வாய்ப்பு உண்டு.

வேர் புசுபுசுவென்று இருந்தால் அலுவலகத்தில் என்ன நினைப்பார்களோ என்று அவர் பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான பயம்தான். அமெரிக்க ராணுவத்தில் பெண்கள் லாக்ஸ் வைக்க 2017 வரை தடை இருந்தது. முடியை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் கிரௌன் சட்டம் கலிஃபோர்னியாவில் வந்ததே 2019இல்தான். அப்புறம்தான் மற்ற மாநிலங்கள். உங்கள் மாநிலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சுருள் முடி வளரும்போது வேர் அப்படித்தான் இருக்கும், அழகாகவும் இருக்கும். இதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும்: உச்சந்தலையில் மெலிந்தாலோ, தோல் வழவழவென்று மினுங்கினாலோ தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். தழும்பு விழுந்த இடத்தில் முடி மறுபடி முளைக்காது.