நான்கு நாளில் நார்வே ஃபியோர்டுகள்: காரில் செல்வோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பெர்கன் நகரில் கார் எடுத்து நான்கு நாள்களில் கெய்ராங்கர், சோங்னே, ஹர்டாங்கர் ஆகிய மூன்று ஃபியோர்டுகளையும் (மலைகளுக்கிடையே நீண்டு புகுந்த கடற்பகுதிகள்) பார்த்துவிட்டுத் திரும்ப நினைக்கிறோம். பெற்றோரும் உடன் வருகிறார்கள். முடியுமா?

முடியும். ஆனால் பார்த்ததைவிட ஓட்டியதுதான் மிகுதியாக இருக்கும். என் முதல் பயணத்தில் நானும் இதையே செய்தேன். பெர்கனிலிருந்து கெய்ராங்கருக்கு ஒரே நாளில் போய்விடலாம் என்று கிளம்பி, வழியில் ஒரு படகைத் தவறவிட்டு, பசியோடும் சண்டையோடும் இரவில் போய்ச் சேர்ந்தோம். இங்கே தொலைவைக் கிலோமீட்டரில் கணக்கிடாமல் மணியில் கணக்கிட வேண்டும். நகரங்களுக்கு வெளியே பொதுவான வேக வரம்பே மணிக்கு 80 கிலோமீட்டர்தான். மலையோரச் சாலைகளில் அந்த வேகமும் பெரும்பாலும் கைகூடாது.

நான் சொல்வது சோங்னே ஒன்றை மட்டும் சுற்றிவரும் வழி. முதல் நாள் பெர்கனிலிருந்து ஈ16 சாலையில் வொஸ், குத்வாங்கன் வழியாக ஃப்ளோம் அல்லது அவுர்லான் வரை செல்லுங்கள். ஏறக்குறைய மூன்று மணி நேரம். இரண்டாம் நாள் காரைத் தொடவே வேண்டாம். ஃப்ளோமிலிருந்து குத்வாங்கனுக்குச் செல்லும் படகில் ஏறினால், 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற நேரோய் ஃபியோர்டின் ஊடாக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போகலாம். ஓரிடத்தில் அதன் அகலம் 250 மீட்டர்தான். இருபுறமும் பாறை செங்குத்தாக எழுந்து நிற்கும். மூன்றாம் நாள் காரில் மலைச்சாலையில் ஏறி லார்டாலில் இறங்கி, ஃபுட்னெஸ் படகுத்துறையில் மன்ஹெல்லருக்குக் கடந்து, சோங்டால் வழியாக ஹெல்லாவுக்குச் சென்று, அங்கே மீண்டும் படகேறி பாலெஸ்ட்ரான்டில் தங்குங்கள். நான்காம் நாள் வாங்ஸ்னெஸுக்குப் படகில் வந்து, வீக் ஊரில் உள்ள பழைய மரத் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, 13-ஆம் எண் மலைச்சாலையில் வொஸ் வழியே பெர்கன் திரும்பலாம். பெற்றோர் ஓய்வெடுக்கவும் இதில் நேரம் இருக்கிறது. கெய்ராங்கரை விட்டுவிடுவது வருத்தம்தான். இருந்தாலும் அதற்கென்று இன்னொரு முறை வருவதே சரி என்பேன்.

கேள்வி: இவ்வளவு படகுகள் எதற்கு? பாலம் கட்டியிருக்கக் கூடாதா?

சோங்னே ஃபியோர்டின் நீளம் 200 கிலோமீட்டருக்கும் மேல். மிக ஆழமான இடத்தில் ஆழம் ஏறக்குறைய 1,300 மீட்டர். பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்ததால் உண்டான ஆழம் அது. தூண் ஊன்றத் தரையே எட்டாத இடத்தில் பாலம் கட்டுவது எளிதன்று. ஹர்டாங்கரில் 2013-இல் திறந்த தொங்குபாலம்கூட, கரையோரம் நிற்கும் இரண்டு கோபுரங்களுக்கு இடையே 1,310 மீட்டர் ஒரே பாய்ச்சலாகத் தாண்டுகிறது.

கேள்வி: படகுக்கு முன்பதிவு வேண்டுமா? கட்டணத்தை எப்படிச் செலுத்துவது?

சாலையின் தொடர்ச்சியாக ஓடும் சாதாரணப் படகுகளுக்கு முன்பதிவு தேவையில்லை. வரிசையில் காரை நிறுத்தினால் ஊழியர் கைகாட்டி ஏற்றுவார். இடமில்லையென்றால் அடுத்த படகு. ஃபுட்னெஸ் கடவு கால் மணி நேரம்தான், பகலில் அடிக்கடி ஓடுகிறது. இரவில் இடைவெளி கூடும் என்பதால் நேர அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கார்களை ஏற்றிக்கொண்டு சுற்றுலாவுக்காக ஓடும் படகுகள் வேறு. கோடையில் அவற்றுக்கு முன்பதிவு செய்துவிடுவது நல்லது. சாலைச் சுங்கத்துக்கு எங்கும் நிற்க வேண்டியதில்லை. கேமரா வண்டி எண்ணைப் படித்துக்கொள்ளும்; வாடகை நிறுவனம் பிறகு உங்கள் அட்டையில் எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான படகுகளிலும் இதே முறைதான்.

கேள்வி: கோவையில் பத்தாண்டுகளாக ஓட்டுகிறேன். இந்திய உரிமம் போதுமா? வலப்பக்கம் ஓட்டுவது கடினமா?

உரிமத்தோடு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஓராண்டுக்குத் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் வாங்கி இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் ஓட்டுவது அரை நாளில் பழகிவிடும். பெட்ரோல் நிலையத்திலிருந்தோ விடுதியிலிருந்தோ வெளியே வரும் முதல் திருப்பத்தில்தான் பழைய கை வேலை காட்டும். ஆகவே பக்கத்து இருக்கையில் இருப்பவரை ஒவ்வொரு முறையும் ‘வலம்’ என்று சொல்லச் சொல்லுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒற்றை வண்டிச் சாலை. நீல நிறப் பலகையில் ‘எம்’ என்ற எழுத்து இருந்தால் அது எதிர்வண்டிக்கு ஒதுங்கும் இடம். அந்த இடத்துக்கு அருகில் இருக்கும் வண்டி ஒதுங்குவதோ பின்னோக்கிச் செல்வதோ வழக்கம். ஹாரன் அடிப்பது இங்கே வழக்கமில்லை. முன்னுரிமையைக் காட்டும் பலகை இல்லாத சந்திப்புகளில் வலப்புறத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. முகப்பு விளக்கு பகலிலும் எரிய வேண்டும். இரத்தத்தில் மதுவின் வரம்பு 0.02 விழுக்காடு, அதாவது ஒரு பீர்கூட வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு நீண்ட சுரங்கப்பாதை என்றால் மூச்சு முட்டும். லார்டால் சுரங்கத்தைத் தவிர்க்க முடியுமா?

கோடையில் முடியும், அதனால்தான் மூன்றாம் நாளை மலைவழியாக வைத்தேன். 2000-இல் திறந்த அந்தச் சுரங்கம் 24.5 கிலோமீட்டர், கடக்க இருபது நிமிடம். ஓட்டுநர் சலித்துக் கண்ணயராமல் இருக்க, நடுவே மூன்று இடங்களில் குகைபோல் அகலப்படுத்தி நீல விளக்கு வைத்திருக்கிறார்கள். மேலே போகும் பழைய வழியைப் பனிச்சாலை என்பார்கள். ஃபியோர்டுக்கு 650 மீட்டர் உயரத்தில் உள்ள ஸ்டேகஸ்டைன் காட்சி மேடை அந்த வழியில்தான் இருக்கிறது. ஜூனில்கூடச் சாலையோரம் பனிச்சுவர் நிற்கலாம். ஆனால் முதல் நாளிலேயே குத்வாங்கனுக்கும் ஃப்ளோமுக்கும் இடையே 11 கிலோமீட்டர் சுரங்கம் ஒன்று வரும். அதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மே மாதம் போகலாமா?

ஹர்டாங்கரில் ஆப்பிள் மரங்கள் பூக்கும் காலம் அது, அருவிகளும் நிறைந்து விழும். ஆனால் பனிச்சாலை திறந்திராமல் போகலாம். இந்தச் சுற்றுக்கு ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை பாதுகாப்பான காலம். எந்த மாதமானாலும் மழைச்சட்டை வேண்டும்.

கேள்வி: வாடகைக்கு மின்சாரக் கார்தான் தருகிறார்கள். வாங்கலாமா?

தயங்காமல் வாங்குங்கள். இங்கே 2024-இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது அளவில் மின்சாரக் கார்களே. சிற்றூர்களிலும் மின்னேற்றும் நிலையங்கள் உண்டு. மலை ஏறும்போது மின்கலம் வேகமாக இறங்கும், இறங்கும்போது ஓரளவு திரும்பிவரும். பணம் செலுத்தும் செயலிகளை மட்டும் வீட்டிலேயே கைப்பேசியில் ஏற்றி, அட்டையை இணைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். சாப்பாடு கிடைக்குமா?

சிற்றூர் உணவகங்களில் தேர்வு குறைவு. சமையலறை உள்ள குடிலில் தங்கி, பெர்கனிலோ வொஸிலோ கிவி, ரேமா 1000 போன்ற கடைகளில் அரிசி, பருப்பு, காய்கறி வாங்கிச் செல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

கேள்வி: நான்காம் நாள் இரவே பெர்கனில் விமானம் ஏறலாமா?

வேண்டாம். வொஸிலிருந்து பெர்கனுக்கு வரும் சாலை மலைச்சரிவை ஒட்டியது. பாறை சரிந்தால் மூடிவிடுவார்கள். அன்றிரவு பெர்கனில் தங்கி மறுநாள் பறப்பதே நிம்மதி. கிளம்புவதற்கு முன் சாலை நிலவரத்தை 175 என்ற எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.