வீட்டை அடமானம் வைக்கும் முன் ஆறு மாதம் லேப்

அம்மா, மகள் பி.டெக். பயோடெக்னாலஜி மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், ஒற்றைச் செல்லை ஜெல்லுக்குள் வைத்து வளர்க்கும் ஆராய்ச்சிக்கு நெதர்லாந்து போய் எம்.எஸ்சி. படிக்க வேண்டும் என்கிறாள், வீட்டை அடமானம் வைத்து அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். ஆனால் அவள் ஏதோ கிறுக்குத்தனமாகக் கேட்கிறாள் என்றும் நினைத்துவிடாதீர்கள்.

ஆய்வகங்களில் செல்களைப் பெரும்பாலும் தட்டையான பிளாஸ்டிக் தட்டில்தான் வளர்க்கிறார்கள். உடம்புக்குள் பெரும்பாலான செல்கள் அப்படிப் பாய் விரித்துப் படுத்திருப்பதில்லை. நாலாபக்கமும் மெத்தென்ற பொருள் சூழ்ந்திருக்கும். அந்த மென்மைகூட செல்லின் போக்கை மாற்றும். ஒரே வகை ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்), மூளையைப் போல மென்மையான ஜெல்லில் நரம்புச் செல்லாகவும், கெட்டியான ஜெல்லில் எலும்புச் செல்லாகவும் மாறத் தொடங்குவதை 2006-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் டிஷரின் குழு காட்டியது. அதனால்தான் ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியாக ஒரு குட்டி ஜெல் உறை போடப் பார்க்கிறார்கள்.

செய்முறை கேட்க எளிது. மயிரிழைக் கால்வாய்கள் உள்ள ஒரு சிப்பில், செல் கலந்த கரைசலை எண்ணெய் துண்டு துண்டாக வெட்டும். ஒவ்வொரு துளியும் ஜெல்லாக இறுகும். சிக்கல் அதற்குப் பிறகுதான். எந்தத் துளியில் செல் விழும் என்பது நம் கையில் இல்லை. துளிக்குச் சராசரியாக 0.1 செல் என்று விட்டால், நூறு துளியில் சுமார் 90 காலி, ஒன்பதில்தான் ஒற்றைச் செல். அதிகமாக விட்டால் ஒரே துளியில் இரண்டு மூன்று நெருக்கியடிக்கும். சரி, ஒன்று விழுந்தது என்றே வையுங்கள், அது ஓரத்தில் ஒட்டியபடி ஜெல் இறுகினால் சில நாளில் வெளியே நழுவிவிடும். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகக் குழு 2017-இல் ஜெல் இறுகுவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, அதற்குள் செல்லை நடுவுக்கு வரவைத்தது. அதே ஆண்டு ஹார்வர்டில் வேறு யோசனை: கால்சியம் கார்பனேட் துகள்களைச் செல்லின் மேலேயே பூசிவிட்டார்கள். அவர்கள் ஜெல்லாகப் பயன்படுத்திய ஆல்ஜினேட் இறுகக் கால்சியம் வேண்டும், ஆகவே காலித் துளிகள் இறுகவே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது. (ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் இதற்காகவே பாசி சேகரிக்கிறார்கள்.)

இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம், மகள் பார்த்தது நுண்ணோக்கியில் செல்கள் பச்சையாக ஒளிரும் அழகான படத்தை மட்டும்தானா என்பது எனக்குத் தெரியவில்லை. அன்றாட வேலை என்பது அடைத்துக்கொண்ட சிப், பூஞ்சை பிடித்த தட்டு, திங்கட்கிழமை வந்து பார்த்தால் செத்துக்கிடக்கும் செல்கள். இதைச் சகித்துக்கொள்ள முடியுமா என்பதை வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது.

அப்புறம் பணம். நெதர்லாந்தில் பிஎச்.டி. பெரும்பாலும் ஒரு வேலை: நான்கு வருட ஒப்பந்தம், மாதச் சம்பளம். கடன் தேவைப்படுவது எம்.எஸ்சி.க்குத்தான், அதிலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகிறவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு. அந்தப் படியை இங்கேயே ஏறட்டும். கேட் தேர்வில் பயோடெக்னாலஜி தாளும் உண்டு, பயோமெடிக்கல் தாளும் உண்டு. அந்த வழியில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பயோடெக்னாலஜி மேற்படிப்புக்கான ஜிஏடி-பி நுழைவுத் தேர்வையும் சேர்த்தே எழுதட்டும். பிறகு பிஎச்.டி.க்கு ட்வென்டேவுக்கு விண்ணப்பித்தால் வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கும்.

வேலை கிடைக்குமா? "மைக்ரோஜெல் (இந்தக் குட்டி ஜெல் உறைதான்) நிபுணர் தேவை" என்று ஒரு விளம்பரமும் நான் பார்த்ததில்லை. ஆனால் இதே துளி நுட்பத்தில்தான் டென்எக்ஸ் ஜெனாமிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஒற்றைச் செல் கருவிகள் ஓடுகின்றன. மருந்துச் சோதனையில் விலங்குகளுக்குப் பதிலாக முப்பரிமாண செல் மாதிரிகளையும் பயன்படுத்த 2023-இல் இந்திய விதிகளே இடம் கொடுத்துவிட்டன. செல் கல்ச்சர் (செல் வளர்ப்பு), பைத்தான் (கணினி நிரல் மொழி) இரண்டும் கைவந்தவர்கள் குறைவு. அவள் பைத்தானை இன்றே ஆரம்பிக்கலாம்.

முதலில் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கட்டும், இரண்டு மாதம். கடைசி செமஸ்டர் புராஜெக்டைக் கல்லூரிக்குள் முடிக்காமல், செல் வளர்க்கும் ஒரு ஆய்வகத்தில் செய்யட்டும். அது முடிந்ததும், லேப் நோட்டையும் எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள்.