சிக்னல் பிரிவு அதிகாரிக்கு வீரப்பதக்கம் எதற்காக? கனடாவின் ரேமண்ட் லாப்ரோஸ்

இரண்டாம் உலகப்போரில் கனடா தரைப்படையின் சிக்னல் (செய்தித்தொடர்பு) பிரிவைச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பின்வரிசையில் இருந்தவர்கள்தானே, அவர்களில் ஒருவருக்கு வீரப்பதக்கம் அளிக்கும் அளவுக்கு என்ன பணி இருந்திருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். சிற்றலை வானொலியில் நெடுநாள் ஈடுபாடு உள்ளவன் என்ற முறையில், இதற்கு நான் முதலில் சொல்ல விரும்பும் பெயர் ரேமண்ட் லாப்ரோஸ். ராயல் கனடியன் சிக்னல்ஸ் பிரிவைச் சேர்ந்த, பிரெஞ்சு மொழி பேசும் அந்த ஒட்டாவா இளைஞர், ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சுக்குள் ரகசியமாக இரண்டு முறை இறக்கப்பட்டவர். இரண்டு முறையும் வானொலி இயக்குநராகவே சென்றவர்.

அவரை அனுப்பியது எம்.ஐ.9 என்ற பிரிட்டிஷ் அமைப்பு. பிரான்சின்மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு, கிராமத்தாரின் வைக்கோல் பரண்களிலும் பாரிஸ் அடுக்குமாடி வீடுகளிலும் ஒளிந்திருந்த நேசநாட்டு விமானிகளை மீட்டுக் கொண்டுவருவது அதன் பொறுப்புகளில் ஒன்று. ஒரு விமானியைப் பயிற்றுவிக்க ஆகும் காலத்தையும் செலவையும் எண்ணிப் பார்த்தால், லண்டன் அவர்களைத் திரும்பப் பெற ஏன் அத்தனை பாடுபட்டது என்பது விளங்கும். இத்தகைய குழுவில் மிக எளிதாகப் பிடிபடக்கூடியவர் வானொலி இயக்குநர்தான். வழிகாட்டி ஒருவர் பொய்யான அடையாள அட்டையைக் காட்டித் தப்பிவிடலாம்; கைப்பெட்டிக்குள் அடங்கிய ஒலிபரப்புக் கருவியோடு பிடிபட்டவரால் எந்தக் கதையும் சொல்ல முடியாது. மேலும், அவர் மோர்ஸ் விசையைத் தட்டத் தொடங்கிய கணத்திலிருந்தே, திசைகாட்டும் ஆன்டெனாக்கள் பொருத்திய ஜெர்மானிய நிலையங்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து அந்த அலை வரும் கோட்டைக் கணக்கிட்டு, கோடுகள் வெட்டும் பகுதிக்கு வண்டிகளை அனுப்பிவிடும்.

லாப்ரோஸின் முதல் பயணம் 1943 மார்ச்சில், ஓக்ட்ரீ என்று பெயரிடப்பட்ட திட்டத்தில், வால் வில்லியம்ஸ் என்பவரோடு பாராசூட்டில் தொடங்கியது. விமானிகளை பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரிட்டனி கடற்கரைக்குக் கொண்டுவந்து கப்பலேற்றுவதே திட்டம். ஆனால் லாப்ரோஸின் கருவி வேலை செய்யவில்லை. லண்டனோடு சொந்தமாகத் தொடர்புகொள்ள வழியின்றிப் போனது. படகு எந்த இரவில் வரும் என்று கேட்கவோ, விமானிகள் தயார் என்று சொல்லவோ முடியாத நிலையில், கடல்வழி மீட்பு கைகூடவில்லை. இதற்கிடையில் ரோஜே லெ நெவே என்ற காட்டிக்கொடுப்பவன் குழுவுக்குள் ஊடுருவியிருந்தான். ஜூனில் வில்லியம்ஸ் கைது செய்யப்பட்டார். பலர் சிறைக்குச் சென்றனர். லாப்ரோஸ் சிக்காமல், விமானிகள் சிலரையும் அழைத்துக்கொண்டு பிரனீஸ் மலையைக் கடந்து ஸ்பெயினை அடைந்தார்.

இங்கேயே அவருடைய போர் முடிந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வலைப்பின்னலைக் காட்டிக்கொடுத்தவன் இன்னும் பிரான்சில் நடமாடிக்கொண்டிருந்த நிலையில், அதே நாட்டுக்கு, அதே வேலைக்கு, சில மாதங்களிலேயே திரும்பிச் செல்ல அவர் இசைந்ததுதான் பின்னால் கிடைத்த வெற்றியைவிட என்னை அதிகம் வியக்கவைக்கிறது. இம்முறை தலைவர் லூசியன் தூமே என்ற கனடியப் படைவீரர். 1942-இல் பிரான்சின் தியெப் துறைமுகத்தின்மேல் நேசநாட்டுப் படைகள் நடத்திய தாக்குதலில் பிடிபட்டு, கைதிகளை ஏற்றிச் சென்ற ரயிலிலிருந்து தப்பி, மார்செய் வழியாக மீண்டவர். 1943 நவம்பரில் லிசாண்டர் என்ற சிறு விமானம் ஒன்று இருவரையும் பிரான்சில் இறக்கியது. திட்டத்தின் பெயர் ஷெல்பர்ன். பாரிஸில் அவர்களுக்குக் கைகொடுத்த போல் காம்பின்கி, ஓக்ட்ரீ நாட்களிலேயே லாப்ரோஸுக்கு அறிமுகமானவர்; தோற்றுப்போன முதல் முயற்சியில் லாப்ரோஸ் சேர்த்துவைத்திருந்த சொத்து என்று இந்த உறவைத்தான் சொல்ல வேண்டும்.

விமானிகள் பாரிஸிலிருந்து ரயிலில் பிரிட்டனிக்கு வந்து, ப்ளூஆ என்ற சிற்றூரைச் சுற்றியிருந்த வீடுகளில் தங்கவைக்கப்பட்டனர். அவ்வூரில் பணியை ஒருங்கிணைத்தவர் பிரான்சுவா லெ கொர்னெக். அனைவரும் தயார் என்ற தகவலை லாப்ரோஸ் லண்டனுக்கு அனுப்புவார். அதற்கான பதில் அவருடைய கருவிக்கு வர வேண்டியதில்லை. பிபிசியின் பிரெஞ்சு ஒலிபரப்பில், உரியவருக்கு மட்டும் பொருள் புரியும் தனிச்செய்திகளுக்கு நடுவே, 'அல்ஃபோன்ஸ் வீட்டார் அனைவருக்கும் வணக்கம்' என்று ஒரு வரி வாசிக்கப்படும். அன்றிரவு படகு வருகிறது என்பது அதன் பொருள். வானொலி அறிந்தவர்கள் இந்த ஏற்பாட்டின் அழகை உடனே உணர்வார்கள்: ஒலிபரப்புபவரைக் கண்டுபிடிக்கலாம், ஆனால் லட்சக்கணக்கானோர் கேட்கும் ஒலிபரப்பில் தனக்குரிய வரிக்காகக் காத்திருப்பவர் யார் என்று எந்த ஆன்டெனாவும் காட்டாது. ஆகவே லாப்ரோஸ் ஒலிபரப்ப வேண்டியிருந்த நேரம் வெகுவாகக் குறைந்தது.

செய்தி கேட்டதும், அமாவாசையை ஒட்டிய அந்த இருட்டில், விமானிகளை ஒருவர் பின் ஒருவராக ஒரு கல்வீட்டில் சேர்ப்பார்கள். ஜிகெல் என்பவரின் குடும்பம் வாழ்ந்த அந்த வீடுதான் 'அல்ஃபோன்ஸ் வீடு'. அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தொலைவு நடந்து, செங்குத்தான பாறைச்சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கிக் கடற்கரைக்கு இறங்க வேண்டும். டார்ட்மவுத் துறைமுகத்திலிருந்து வந்து சற்றுத் தள்ளி நங்கூரமிட்டிருக்கும் எம்.ஜி.பி. 503 என்ற பீரங்கிப்படகு, துடுப்புப் படகுகளைக் கரைக்கு அனுப்பும். இவையெல்லாம் அருகிலிருந்த ஜெர்மானியக் காவல்நிலையின் காதுக்கு எட்டாமல் நடக்க வேண்டும்.

1944 ஜனவரி 28 இரவு நடந்த முதல் பயணத்திலேயே, ரென் நகரச் சிறையிலிருந்து தன் காலை முறித்துக்கொண்டு தப்பியிருந்த வில்லியம்ஸும் இங்கிலாந்து திரும்பினார் என்பது இக்கதையின் எதிர்பாராத திருப்பம். மார்ச் 16-க்கும் 24-க்கும் இடையில் மட்டும் மூன்று முறை படகு வந்து சென்றது. ஜெர்மானியர் கடற்கரைக்கு மேலே கண்ணிவெடிகளைப் புதைத்தபோது, உள்ளூர்க்காரர்கள் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து, இருளில் தெரியும்படி வெள்ளைத் துணிகளை அடையாளமாக வைத்தனர். ஆகஸ்ட் வரை நடந்த எட்டுப் பயணங்களில் சுமார் 130 பேர் இவ்வழியாகக் கடல் கடந்தனர். பிரனீஸ் வழியாகச் சென்றவர்களையும் மற்றவர்களையும் சேர்த்தால் ஷெல்பர்ன் காப்பாற்றியவர்கள் 300-க்கும் அதிகம். ஜூலையில் ஜெர்மானியர் அல்ஃபோன்ஸ் வீட்டைக் கொளுத்தினார்கள். அதன் பிறகும் ஒரு பயணம் நடந்தது.

இப்பணிக்காக லாப்ரோஸ், தூமே இருவருக்கும் மிலிட்டரி கிராஸ் என்ற வீரப்பதக்கம் வழங்கப்பட்டது. போருக்குப் பின் நினைவுக்குறிப்பு எழுதியவர் தூமே என்பதால், ஷெல்பர்ன் என்றால் அவர் பெயரே முதலில் வருகிறது. அதில் நியாயமும் உண்டு, ஏனெனில் கட்டுப்பாட்டில் இரக்கமற்ற தலைவர் அவர். ஆனால் ஓக்ட்ரீயையும் ஷெல்பர்னையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கடற்கரை, படகு, விமானிகளுக்குப் புகலிடம் தரத் துணிந்த குடும்பங்கள் ஆகிய எல்லாம் முதல் முறையே கிடைக்கக்கூடியவையாக இருந்தன என்பதும், லண்டனை எட்டும் ஒரு கருவி மட்டும் இல்லாமல் போனது என்பதும் தெரியும்.