மலைப்பயணமும் குளிர்ப்பெட்டியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் காரில் மலைக்குப் போய்க் கூடாரத்தில் தங்கும் குடும்பங்களிடமிருந்து எனக்கு வரும் கேள்விகள் பெருகிவிடும். ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்பதே என் தொழில் என்பதால், எந்தப் பெட்டியை வாங்கலாம் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அதற்கு முன்பாக, எவ்வளவு வெப்பத்தை எத்தனை மணி நேரம் வெளியேற்ற வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கணக்கு தெரிந்துவிட்டால், எதை வாங்குவது என்பதில் குழப்பம் பெரும்பாலும் இருக்காது.

ஐயா, மே மாதம் மூன்று நாள் கொடைக்கானலில் கூடாரத்தில் தங்கப் போகிறோம். கார் ஃப்ரிட்ஜ் மலிவாகவும் கிடைக்கிறது, அதைப்போல் நான்கைந்து மடங்கு விலையிலும் கிடைக்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? (திருப்பூர்)

மலிவானவற்றில் பெரும்பாலானவை பெல்டியர் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் கம்ப்ரஸர் கிடையாது. ஒரு சிறிய பீங்கான் தகட்டில் மின்சாரம் பாயும்போது அதன் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும். அந்தச் சூட்டை ஒரு மின்விசிறி வெளியே தள்ளும். இத்தகைய பெட்டி வெளிவெப்பத்தைவிட ஏறத்தாழ 20 டிகிரி வரை மட்டுமே உள்ளே குறைத்துக் காட்டும். கொடைக்கானலில் பகலில் 20 டிகிரி இருக்கும்போது அது நன்றாகவே வேலை செய்வதாகத் தோன்றும். ஆனால் நீங்கள் திருப்பூரிலிருந்து தாராபுரம் வழியாக 38 டிகிரி வெயிலில் போகும்போது பெட்டிக்குள் 18 டிகிரிதான் இருக்கும். உணவில் நுண்ணுயிரிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் என்பதால், பாலுக்கும் இறைச்சிக்கும் அந்த 18 டிகிரி சற்றும் போதாது. அது போதாதென்று, நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால் 50 வாட் அளவுக்கு மின்சாரத்தையும் தொடர்ந்து இழுக்கும்.

கம்ப்ரஸர் உள்ள பெட்டி, வீட்டு ஃப்ரிட்ஜைப் போலவே வெளியே 40 டிகிரி இருந்தாலும் உள்ளே 3 டிகிரியைப் பிடித்து நிறுத்தும், வேண்டுமானால் உறையவும் வைக்கும். தேவையான குளிர் வந்ததும் தானாக நின்றுவிடுவதால் மின்செலவும் குறைவு. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு மூன்று நாளுக்கு 35 முதல் 45 லிட்டர் கொள்ளளவு போதும். தண்ணீர் புட்டியும் பழச்சாறும் குளிர்ந்தால் போதும் என்பவர்கள் பெல்டியர் வாங்கலாம். இறைச்சி, மீன், பால் எடுத்துப் போகிறவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆண்டுக்கு ஒரே ஒரு பயணம்தான் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு நல்ல ஐஸ் பெட்டி ஒன்றை வாங்குங்கள்.

இரவு முழுவதும் ஃப்ரிட்ஜ் ஓடினால் காலையில் கார் ஸ்டார்ட் ஆகுமா? (மதுரை)

இந்தக் கேள்விக்கு என் சொந்த அனுபவத்திலிருந்தே பதில் சொல்ல முடியும். சில ஆண்டுகளுக்கு முன் வால்பாறையில் ஒரு எஸ்டேட் அருகே தங்கியிருந்தபோது, கம்ப்ரஸர் பெட்டியைக் கார் பேட்டரியிலேயே இணைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக், டிக்’ என்ற சத்தம் மட்டுமே வந்தது, இஞ்சின் அசையவில்லை. அவ்வழியே வந்த ஜீப்காரர் ஒருவர் ஜம்பர் வயர் கொடுத்து உதவியிராவிட்டால், நாற்பது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே ஆழியாற்றிலிருந்துதான் மெக்கானிக்கை வரவழைத்திருக்க வேண்டும். பேட்டரி வடிந்துவிடும் முன் ஃப்ரிட்ஜை நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பை நான் ‘லோ’வில், அதாவது பேட்டரி வெகுவாக இறங்கும்வரை ஓடவிடும் நிலையில், வைத்திருந்ததுதான் காரணம்.

கணக்கு எளியது. ஓடும்போது 45 வாட் இழுக்கும் பெட்டி, வெக்கையான இரவில் பாதி நேரம் ஓடினால் பத்து மணி நேரத்தில் 225 வாட்-மணி செலவாகும். 12 வோல்ட் பேட்டரியில் அது ஏறத்தாழ 19 ஆம்பியர்-மணி. சிறிய கார்களில் உள்ள பேட்டரி 35 ஆம்பியர்-மணிதான். அது இஞ்சினைக் கிளப்புவதற்காகச் செய்யப்பட்டதே தவிர, பாதிக்கும் கீழே அடிக்கடி இறங்கினால் தாங்காது. மலையில் இரவு நன்றாகக் குளிர்ந்தால் கம்ப்ரஸர் கால்பங்கு நேரமே ஓடும், செலவும் அதற்கேற்பப் பாதியாகிவிடும். எனவே கார் பேட்டரியில் ஓட்டுவதென்றால் பாதுகாப்பு அமைப்பை ‘ஹை’யில் வையுங்கள். அப்போது மின்னழுத்தம் ஓரளவு இறங்கியதுமே ஃப்ரிட்ஜ் நின்றுவிடும், காரைக் கிளப்புவதற்கான மின்சாரம் மிஞ்சும்.

இரண்டு இரவுகளுக்கு மேல் தங்குபவர்கள் தனி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வைத்துக்கொள்வதே முறை. 12.8 வோல்ட், 50 ஆம்பியர்-மணி கொண்டது 640 வாட்-மணி தரும். 100 வாட் சோலார் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 300 முதல் 400 வாட்-மணி வரை சேர்க்கும். மேகம் மூடிய மலையில் அதை நம்ப வேண்டாம். இன்னொன்றும் கவனியுங்கள்: பல கார்களில் இஞ்சினை அணைத்ததும் 12 வோல்ட் சாக்கெட்டும் அணைந்துவிடும். சாக்கெட்டில் மின்சாரம் இருந்தும் பெட்டி அடிக்கடி நிற்கிறது என்றால், பெரும்பாலும் மெல்லிய, நீளமான வயரில் மின்னழுத்தம் குறைவதே காரணம். பெட்டியைப் பழுதுக்குக் கொண்டுவருவதற்கு முன் வயரை மாற்றிப் பாருங்கள்.

ஃப்ரிட்ஜ் வாங்க வசதியில்லை. ஐஸ் பெட்டியிலேயே இரண்டு நாள் சமாளிக்க முடியுமா? எவ்வளவு ஐஸ் வேண்டும்? (விழுப்புரம்)

தாராளமாக முடியும். பெட்டியின் சுவர்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு கிலோ ஐஸ் கரையும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். வெளியே 32 டிகிரி, உள்ளே 2 டிகிரி என்று வைத்துக்கொண்டால், மூன்று சென்டிமீட்டர் தடிமனுள்ள 40 லிட்டர் தெர்மோகோல் பெட்டியின் சுவர் வழியாக ஒரு நாளில் நுழையும் வெப்பமே ஏறத்தாழ 7 கிலோ ஐஸைக் கரைத்துவிடும். அதே அளவில் ஐந்து சென்டிமீட்டர் பஃப் (பாலியூரிதேன் நுரை) அடைத்த பெட்டியில் 3 கிலோ போதும். மூடியைத் திறக்கத் திறக்க இந்த அளவு கூடும்.

பலரும் ஏமாறுவது வேறோர் இடத்தில். முப்பது டிகிரியில் இருக்கும் 5 லிட்டர் தண்ணீரை அப்படியே பெட்டிக்குள் வைத்தால், அதை 3 டிகிரிக்குக் குளிர்விக்க மட்டும் 1.7 கிலோ ஐஸ் கரைந்துபோகும். ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே ஐஸில் ஒரு பெரும் பங்கு இப்படிப் போய்விடுகிறது. ஆகவே உள்ளே போகும் ஒவ்வொரு பொருளையும் முந்தின இரவே வீட்டு ஃப்ரிட்ஜில் குளிரவைத்துவிடுங்கள். பெட்டியையும் முந்தின இரவே கொஞ்சம் ஐஸ் போட்டு மூடி வைத்து, காலையில் அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது ஐஸ் போடுங்கள். கம்ப்ரஸர் பெட்டி வைத்திருப்பவர்களும் முந்தின இரவே வீட்டு மின்சாரத்தில் ஓடவிட்டுக் குளிரவைத்த பிறகே காரில் ஏற்ற வேண்டும்.

உடைத்த ஐஸைவிடக் கட்டி ஐஸ் மெதுவாகக் கரையும். எவர்சில்வர் டப்பாக்களில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தாலே நல்ல கட்டிகள் கிடைக்கும். உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும் என்பதால் விளிம்பு வரை நிரப்பக் கூடாது. பிளாஸ்டிக் புட்டியில் உறையவைத்து எடுத்துப்போகும் வழக்கம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஒத்துவராது. அங்கே அவற்றுக்குத் தடை இருப்பதால் சோதனைச் சாவடியிலேயே சிக்கல் வரும். கரைந்த நீரை உடனே கொட்டிவிடாதீர்கள், அதுவும் குளிர்ந்த நீர்தான். உணவு மட்டும் அதில் மூழ்காதபடி டப்பாவில் இருக்கட்டும். பெட்டியைக் காரின் நிழல் பக்கத்தில், போர்வை சுற்றி வைக்கலாம். ஆனால் கம்ப்ரஸர் பெட்டிக்குப் போர்வை போர்த்திக் காற்றுத் துளைகளை அடைத்துவிடக் கூடாது. சூடான காற்று வெளியேற வழியில்லாமல் கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடி வீணான பெட்டிகளை மாதம் ஒன்றாவது பார்க்கிறேன்.

தூத்துக்குடியில் மீன் வாங்கிக்கொண்டு ஏற்காட்டில் போய்ச் சமைக்கலாமா? எட்டு மணி நேரப் பயணம். (தூத்துக்குடி)

சமைக்கலாம், மீன் எடைக்குச் சம எடை ஐஸ் இருந்தால். செவுளையும் குடலையும் அங்கேயே எடுத்துவிட்டு நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். மீனுக்கு மட்டும் கட்டி ஐஸைவிட உடைத்த ஐஸே மேல், ஏனென்றால் அது மீனை எல்லாப் பக்கமும் ஒட்டிக்கொள்ளும். அடியில் ஓர் அடுக்கு ஐஸ், அதன்மேல் மீன், வயிற்றுக்குள்ளும் ஒரு பிடி ஐஸ், மேலே மீண்டும் ஐஸ் என்று துறைமுகத்தில் அடுக்குவதைப் போலவே அடுக்குங்கள். இரத்தம் கலந்த நீரில் மீன் ஊறாதபடி, பெட்டியின் அடித்துளையைத் திறந்து வழியில் ஓரிரு முறை வடித்துவிட வேண்டும். மீன் பெட்டி தனியாகவே இருக்கட்டும். பாலும் பழமும் அதில் வேண்டாம்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகியவற்றில் இரட்டிப்புக் கவனம் தேவை. இவை வெப்பத்தில் கிடந்தால் ஹிஸ்டமைன் என்ற பொருள் சதையில் உருவாகும். அது உருவான பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழியாது. மூக்குக்கு எதுவும் தெரியாமல்கூடப் போகலாம், சாப்பிட்டவருக்கோ முகம் சிவந்து, தடித்து, தலைவலி வந்துவிடும். வழியில் ஐஸ் முழுக்கக் கரைந்து மீன் வெதுவெதுப்பாகக் கிடந்தது தெரிந்தால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் அதைச் சமைக்காதீர்கள்.

இட்லி மாவும் பாலும் எப்படி எடுத்துப்போவது? (ஈரோடு)

மாவைப் புளிக்கவைக்காமல், அரைத்தவுடனேயே பாத்திரத்தில் பாதி அளவு ஊற்றி வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, குளிர்ந்த பிறகு பெட்டிக்கு மாற்றுங்கள். நான்கு டிகிரியில் புளிப்பு மிக மெதுவாகத்தான் ஏறும். மலையில் நேர்மாறான சிக்கல் ஒன்று உண்டு: பத்து டிகிரி இரவில் மாவு பொங்கவே பொங்காது. அதனால் தேவைக்கு முந்தின நாள் காலையிலேயே வெளியே எடுத்து, பகல் முழுவதும் வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, இரவில் கனமான துணி சுற்றிக் காருக்குள் வையுங்கள்.

பாக்கெட் பாலைப் பெட்டியின் அடியில் வைக்க வேண்டும். பல கம்ப்ரஸர் பெட்டிகளில் ஒரு மூலையில் படிபோல உயர்ந்த பகுதி இருக்கும். அதற்குக் கீழேதான் கம்ப்ரஸர் இருப்பதால் அந்த இடம் சற்று வெப்பமாகவே இருக்கும். காய்கறிகளையும் பழங்களையும் அங்கே வைக்கலாம். இரண்டாம் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் அட்டைப்பெட்டியில் வரும் யூஹெச்டி (மிக உயர்ந்த வெப்பத்தில் பதப்படுத்திய) பால்தான் வசதி. பிரிக்கும்வரை அதற்குக் குளிரே தேவையில்லை.

என் தகப்பனாருக்கு இன்சுலின் போடுகிறோம். கேம்பிங் போகும்போது கார் ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? (திருநெல்வேலி)

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலில் கெடுவதைப் போலவே, உறைந்துவிட்டாலும் அது கெட்டுவிடும்; உருகிய பின் பார்வைக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் பயன்படுத்தக் கூடாது. கம்ப்ரஸர் பெட்டி பூஜ்யத்துக்கும் கீழே போகக்கூடியது என்பதால் அதை 5 டிகிரியில் நிறுத்தி, மருந்தைத் துணியில் சுற்றி, சிறு டப்பாவில் போட்டு, குளிர்ச்சுவரைத் தொடாதபடி நடுவில் வையுங்கள். ஐஸ் பெட்டியானாலும் ஐஸையோ ஜெல் பொட்டலத்தையோ மருந்து நேரடியாகத் தொடக் கூடாது. பெட்டியின் திரை காட்டும் எண், சென்சார் இருக்கும் அந்த ஓரிடத்தின் வெப்பம் மட்டுமே. இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை மருந்தின் பக்கத்திலேயே வைத்து, புறப்படுவதற்கு முந்தின இரவு வீட்டில் சோதித்துப் பாருங்கள்.

பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனாவைப் பொதுவாக நான்கு வாரம் வரை வெளியே வைக்கலாம். ஆனால் அதற்கான வெப்ப வரம்பு சிலவற்றுக்கு 25 டிகிரி, சிலவற்றுக்கு 30 டிகிரி என்று மருந்துக்கு மருந்து மாறுவதால், உடன் வரும் தாளைப் படித்துவிட்டுத் தகப்பனாரின் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுத்திய காருக்குள் மருந்து எதையும் விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் நல்லதா? (சென்னை)

சத்தமே இருக்காது, மின்சாரமும் தேவையில்லை. ஆனால் அது சமமான தரையில்தான் சரியாக இயங்கும், கடும் வெயிலில் குளிர்ச்சி குறையும், எரியும் சுடர் இருப்பதால் கூடாரத்துக்குள்ளோ காருக்குள்ளோ வைத்தால் கார்பன் மோனாக்சைடு நச்சாகும் ஆபத்தும் உண்டு. காரில் போகும் குடும்பத்துக்கு அது வேண்டாம்.

இரவு மிஞ்சும் பிரியாணியை ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில் சூடாக்கிச் சாப்பிடலாமா? (வேலூர்)

வேண்டாம் என்றே சொல்வேன். ஆவி பறக்கும் மூன்று கிலோ பிரியாணியைச் சின்னப் பெட்டிக்குள் வைத்தால், அதைக் குளிர்விக்க மட்டுமே கம்ப்ரஸர் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டியிருக்கும். அதற்குள் பக்கத்தில் இருக்கும் பாலும் சூடேறிவிடும். வெளியே வைத்து ஆறட்டும் என்று விட்டால், சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகும். அதன் வித்துகள் சமைக்கும் வெப்பத்திலும் சாவதில்லை, வாந்தியை உண்டாக்கும் அதன் நச்சும் மறுபடி சூடாக்கினால் போவதில்லை. மிஞ்சியே தீரும் என்றால், அகலமான தட்டில் பரப்பி விரைவாக ஆறவைத்து, சமைத்து முடித்த இரண்டு மணி நேரத்துக்குள், வெக்கையான ஊரானால் ஒரு மணி நேரத்துக்குள், சிறு சிறு டப்பாக்களாகப் பிரித்து உள்ளே வையுங்கள்.

நம் வீட்டுப் பெரியவர்கள் கட்டுச்சோற்றுக்குப் புளியோதரையைத் தேர்ந்தெடுத்ததில் பெரிய விவரம் இருக்கிறது. புளியின் அமிலமும், காய்ச்சிய நல்லெண்ணெயும், ஈரம் குறைந்த சோறும் சேர்ந்து நுண்ணுயிரிகளின் பெருக்கத்தைத் தடுக்கின்றன. முதல் நாள் மதிய உணவுக்குப் புளியோதரையைக் கட்டிக்கொண்டால், போகும் வழியில் குளிர்ப்பெட்டியைத் திறக்க வேண்டிய தேவையே வராது.