வாவிக்குள் போகும் சலவை நீர்: கேள்வி பதில்

மட்டக்களப்பு வாவியில் சலவைத் தூள் கலப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கல்லடியிலிருந்து ஒரு தம்பி: ஐயா, கரையில் வெள்ளை நுரை ஒதுங்கிக் கிடக்கிறது. சலவைத் தூளா?

நுரையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது தம்பி. பாசி செத்து அழுகினாலும் காற்றடித்தால் நுரைக்கும். வடிகான் வாயில் நுரை எந்நேரமும் நின்று, தூள் வாசம் அடித்தால் சலவை நீர்தான்.

காத்தான்குடி: பைக்கற்றில் 'மக்கும்' என்று போட்டிருக்கிறதே, பிறகென்ன பயம்?

போட்டிருப்பது பொய்யில்லை. 1960களுக்கு முந்திய தூள்களில் அழுக்கை நீக்கும் பொருளில் கிளைவிட்ட காபன் சங்கிலி இருந்தது. பற்றீரியாவுக்கு அதை உடைப்பது பெரும்பாடு. மேல்நாட்டு ஆறுகளே நுரைத்துக் கிடந்தன. இப்போது அதற்குப் பதிலாகப் பெரும்பாலும் எல்.ஏ.எஸ். (LAS) என்ற, கிளையில்லாத நேர்ச்சங்கிலிப் பொருள். பற்றீரியா அதன் நுனியில் தொடங்கி இரண்டிரண்டு காபனாக நறுக்கிக்கொண்டே வரும். சங்கிலி குட்டையானதுமே நுரையும் நச்சுத்தன்மையும் வெகுவாக அடங்கிவிடும். கடைசியில் சங்கிலி ஒட்டியிருக்கும் காபன் வளையமும் உடைந்து காபனீரொட்சைட்டு, நீர், சல்பேற்று என்று முடியும்.

ஆனால் இத்தனைக்கும் ஒட்சிசன் வேண்டும். காற்றோட்டமுள்ள நீரில் சில நாட்களில் முடிகிற வேலை, அடிச்சேற்றில் அநேகமாக நின்றே போகும். உவர்நீரிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் இந்தப் பொருளைச் சேற்றில் படியவும் வைக்கின்றன. கான் வாயில் ஒரு கம்பால் கிளறிப் பாருங்கள்: கூழ் முட்டை நாற்றத்தோடு கறுப்புச் சேறு மேலே வரும். அதற்குள்தான் மக்காமல் தங்குகிறது. எனக்குக் கவலை நுரையைப் பற்றியல்ல, இந்தச் சேற்றைப் பற்றித்தான்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு மீனவர்: வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்திருக்கும்போது வெட்டிவிட்டால் எல்லாம் கடலுக்குப் போகாதா?

நீர் மாறும், அது நல்லதுதான் அண்ணன். ஆனால் வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். முகத்துவாரத்துக்குத் தூரத்தில் நீர் அவ்வளவாக அசையாது. சேறும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். மீன்குஞ்சின் செவுளை இந்தப் பொருள் முதலில் தாக்கும். குஞ்சுகள் ஒதுங்குவதும் கண்டல் வேரடியில், ஆழமில்லாத கரையில். நம் கான்கள் திறப்பதும் அங்கேதான்.

ஏறாவூர்: சவுக்காரக் கட்டிக்கு மாறினால்?

மாறலாம். சாதாரண சவுக்காரம் உவர்நீரில் கல்சியத்தோடு சேர்ந்து திரிந்துவிடும், நஞ்சும் குறைவு.

ஆரையம்பதியிலிருந்து ஒரு அக்கா: உடுப்புக் கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவது?

வாழை, தென்னையடியில் ஊற்றுங்கள் அக்கா. மேல்மண்ணில் காற்றும் உண்டு, பற்றீரியாவும் உண்டு. ஒரே மரத்தடியில் தினமும் வேண்டாம், உப்பு ஏறிவிடும். கிணற்றடியில் ஊற்றவே கூடாது. நம் மணல் நிலத்தில் அது விரைவாக ஊறிக் கிணற்றுக்கே வந்துவிடும். வெளுப்பான் கலந்த தண்ணீரை இதோடு சேர்க்காதீர்கள், மக்கவைக்கிற பற்றீரியாவையே கொன்றுவிடும்.