ஆறு ஆப் இருந்தும் ஊர்ச் செய்தி தெரியவில்லையா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “போனில் ஆறு நியூஸ் ஆப் இருக்கிறது, நோட்டிஃபிகேஷன் வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் எங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. தினமும் 20 நிமிடம்தான் ஒதுக்க முடியும். எதை வைத்துக்கொள்வது?”

முதலில் நேற்று நாடாளுமன்றத்தில் நடந்த ஏதாவது ஒரு செய்தியை ஆறிலும் திறந்து பாருங்கள். தலைப்பு மாறியிருக்கும், உள்ளே பல வரிகள் அப்படியே ஒன்றாக இருக்கும். பிடிஐ, ஏஎன்ஐ போன்ற செய்தி நிறுவனங்கள் ஆங்கிலத்தில் அனுப்புவதை டெஸ்க்கில் உட்கார்ந்து தமிழாக்கிப் போடுவது எல்லா இடத்திலும் நடப்பதுதான், தப்பும் இல்லை, ஆனால் ஆறு இடத்தில் படித்ததால் ஆறு பேர் சொன்னதாக ஆகிவிடாது. அதனால் டெல்லிச் செய்திக்கு எது என்று ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

உள்ளூருக்குத்தான் யோசிக்க வேண்டும். மாநகராட்சிக் கூட்டத்தில் போய் உட்கார ஒரு ஆள் வேண்டுமே? தினத்தந்தி, தினமலர், தினமணி, இந்து தமிழ் திசை மாதிரி மாவட்ட நிருபர்களை வைத்திருக்கும் நாளிதழ்களின் தளங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, முகப்பை விட்டுவிட்டு (அங்கே பாதி சினிமாவும் ராசிபலனும்தான்) நேராக மாவட்டப் பக்கத்துக்குப் போங்கள். எது நல்லது என்று என்னைக் கேட்பதைவிட, உங்கள் வார்டில் நீங்களே கண்ணால் பார்த்த ஒன்றை அவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தெருப் பெயர், எண்ணிக்கை, எதிர்த்தரப்பு சொன்னது எல்லாம் இருக்கிறதா?

அப்புறம் இரண்டாவதாக ஒன்று, முதலாவதோடு ஒத்துப்போகாத ஒன்று. அதற்கு உரிமையாளர் யார் என்று பார்த்தாலே போதும்: கலைஞர் டிவி திமுக பக்கம், நியூஸ் ஜெ அதிமுக பக்கம், நியூஸ்18 தமிழ்நாடு ரிலையன்ஸ் குழுமத்துடையது. சார்பு தெரிந்தால் படிக்கக் கூடாது என்றில்லை, எங்கே அழுத்திச் சொல்வார்கள், எங்கே அடக்கி வாசிப்பார்கள் என்று பிடிபட்டுவிடும். பின்னணி விளக்கம் வேண்டுமென்றால் பிபிசி தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம். 1941-ல் தொடங்கிய வானொலியை 2017-ல் நிறுத்திவிட்டு இப்போது இணையத்தில் வருகிறது, ஆனால் உறையூர் குடிநீர்ப் பிரச்சினையை அங்கே தேடாதீர்கள்.

மீதி நாலு ஆப்பையும் எடுத்துவிடுங்கள், நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் நியூஸ் கார்டுதான் பெரிய தொல்லை. சேனல் லோகோவை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம், அதனால் அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்துக்கே போய் அந்த கார்டு இருக்கிறதா, என்ன தேதி என்று பாருங்கள். மழைக்காலத்தில் போன வருஷத்து விடுமுறை கார்டு தேதியில்லாமல் சுற்றும். விடுமுறையை அந்தந்த மாவட்ட ஆட்சியர்தான் அறிவிப்பார், அவருடைய எக்ஸ் பக்கத்தைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கார்டை நம்பிப் பிள்ளையை எழுப்பாமல் விட்டால் எட்டரை மணிக்கு ஓட வேண்டியதுதான்.